பிக் பேர் கழுகுக் கூட்டில் இறந்த குஞ்சு: மனிதர்கள் தலையிட்டிருக்க வேண்டுமா?

தாழை எழுதியது:

வணக்கம். கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரிக்கு மேலே உள்ள வெண்தலைக் கழுகுக் கூட்டை நேரலையில் தொடர்ந்து பார்ப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள் என்பதால், சில மாதங்களாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஜாக்கி என்னும் பேடையும் ஷேடோ என்னும் ஆணும் 2024இல் மூன்று முட்டைகளைப் பனியிலும் காற்றிலும் மாறி மாறி அடைகாத்தும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. 2025இல் சனவரி 22, 25, 28 ஆகிய நாள்களில் இட்ட முட்டைகள் மார்ச் 3, 4, 8 ஆகிய நாள்களில் பொரித்தன. மூன்று குஞ்சுகளையும் ஒருசேரப் பார்த்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படியொரு மகிழ்ச்சி. ஆனால் மார்ச் 13ஆம் நாள் தொடங்கிய பனிப்புயலுக்குப் பின் மறுநாள் கூட்டில் இரண்டு குஞ்சுகளையே காண முடிந்தது. இறந்த குஞ்சுக்குப் பின்னர் மிஸ்டி என்று பெயரிட்டார்கள்.

புயல் வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. உலகம் முழுவதும் எத்தனையோ பேர் அந்தக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இரவு என்றால் நமக்குப் பகல் என்பதால், நானும் வேலைக்கு நடுவில் அந்தக் கறுப்புவெள்ளைக் காட்சியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். இத்தனை கண்கள் பார்க்க ஒரு குஞ்சு புயலில் இறக்கிறது என்றால், கேமராவை வைத்து ஒளிபரப்பும் அமைப்புக்கு எந்தப் பொறுப்பும் கிடையாதா? கூட்டின்மேல் ஒரு மறைப்பையாவது அமைத்திருக்கக் கூடாதா? பறவையியல் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

கூடுநோக்கி எழுதியது:

தாழை அம்மா, உங்கள் கேள்வியை நேரலையின் அரட்டைப் பகுதியிலேயே பலரும் கேட்டார்கள். வருத்தத்தில் எழுவது என்றாலும் நியாயமான கேள்விதான். முதலில் கூடு இருக்கும் இடத்தைக் கருத வேண்டும். சான் பெர்னார்டினோ தேசிய வனத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், அதாவது நம் கொடைக்கானல் அளவு உயரத்தில், ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தின் உச்சியை ஒட்டி அந்தக் கூடு அமைந்துள்ளது. தரையிலிருந்து கூடு 145 அடி உயரத்தில் இருக்கிறது. புயல் வீசும் இரவில் அந்த மரத்தில் ஒருவர் ஏறத் தொடங்கினால், குஞ்சுகளைத் தன் உடற்சூட்டில் வைத்திருக்கும் ஜாக்கி எழுந்து பறந்துவிடும். பொரித்து ஒரு வாரமே ஆன குஞ்சுகளின் மேல் மெல்லிய தூவிதான் இருக்கும்; தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் அவற்றுக்கு இன்னும் வந்திருக்காது. ஒரு குஞ்சைக் காப்பாற்றப் போய் மூன்றையும் இழக்கும் வாய்ப்பே மிகுதி.

மறைப்பு அமைப்பதிலும் இதே சிக்கல் உண்டு. முட்டையிட்ட பிறகு கூட்டுக்கு அருகில் எதையும் செய்ய முடியாது. முட்டையிடும் முன்பே அமைத்தால், அறிமுகமில்லாத அப்பொருளைக் கண்டு இணை அந்த மரத்தையே கைவிட்டுவிடக்கூடும். மேலும், ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகல இறக்கைகளோடு காற்றில் வந்து இறங்கும் பறவைக்கு மேற்புறமும் பக்கங்களும் திறந்திருக்க வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. வெண்தலைக் கழுகு 2007இல் அமெரிக்காவின் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டாலும், 1940ஆம் ஆண்டின் கழுகுப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. கூட்டில் இருக்கும் பறவையைத் தொந்தரவு செய்வதே அச்சட்டப்படி குற்றம். கேமராவை நடத்தும் ‘பிக் பேர் பள்ளத்தாக்கின் நண்பர்கள்’ அமைப்பும் இதற்கு விலக்கில்லை. கூடு கட்டும் பருவம் முடிந்த பிறகுதான் அவர்களே மரத்தில் ஏறிக் கேமராவைப் பழுதுபார்க்க முடியும்.

இந்தக் கூட்டில் மோசமான வானிலையில் குஞ்சு இறந்தது இது முதல் முறையும் அன்று. 2018இல் ஒரு குஞ்சும், 2019ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வந்த எதிர்பாராத பனியில் குக்கி என்ற குஞ்சும் இறந்தன. குக்கிக்கு அப்போது ஏறத்தாழ ஆறு வாரம். அந்த வயதுக் குஞ்சு தாயின் மார்புக்கடியில் அடங்காத அளவு வளர்ந்திருக்கும். ஆனால் நீரைத் தடுக்கும் இறகுகள் முழுமையாக முளைத்திருக்க மாட்டா. நனைந்துவிட்டால் அதைக் காப்பாற்றத் தாயாலும் முடியாது.

மலையருவி எழுதியது:

கூடுநோக்கி அவர்களின் விளக்கத்தில் பிழை காண ஒன்றுமில்லை. ஆனால் ‘முடியாது’ என்பது ‘கூடுமா, கூடாதா’ என்ற கேள்விக்கு விடை ஆகாது. 145 அடி உயரத்தில் இல்லாமல், ஒரு கட்டடத்தின் மாடியில் எளிதாக எட்டும் இடத்தில் கூடு இருந்தால் என்ன சொல்வீர்கள்? அப்போதும் ‘இயற்கையில் தலையிடக் கூடாது’ என்றுதான் சொல்வீர்கள் என்று எண்ணுகிறேன். எனக்கு உறுத்துவது அந்த வாசகம்தான்.

மரத்தில் ஏறி, கிளையில் கேமராவைப் பொருத்தி, கம்பிவடம் இழுத்து, சூரிய மின்தகடுகள் வைத்து, இரவிலும் படம்பிடிக்க ஏற்பாடு செய்தது தலையீடு இல்லையா? பறவைகளுக்கு ஜாக்கி, ஷேடோ என்று பெயர் சூட்டினோம். எஞ்சிய குஞ்சுகளுக்கு சன்னி, கிஸ்மோ என்ற பெயர்களை உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். குடும்பத்தில் ஒருவராக்கிக் காட்டிவிட்டு, சாவு வரும்போது மட்டும் ‘இது காட்டுயிர், உணர்ச்சிவசப்படாதீர்கள்’ என்று பார்ப்பவனுக்கு அறிவுரை சொல்வது எந்த ஊர் நியாயம்? நான் குஞ்சை மீட்டிருக்க வேண்டும் என்று வாதிடவில்லை. ‘தலையிடாமை’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல், எதில் தலையிடுவோம், எதில் தலையிட மாட்டோம், ஏன் என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே ஒளிபரப்புபவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

சிறுபுள் எழுதியது:

இடையில் ஒரு சிறு ஐயம். இரவில் கூடு அவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, அந்த வெளிச்சம் பறவைகளின் தூக்கத்தைக் கெடுக்காதா?

கூடுநோக்கி எழுதியது:

கெடுக்காது, தம்பி. அது அகச்சிவப்பு ஒளி. கழுகின் கண்ணுக்கு அது புலப்படாது. நமக்குக் கறுப்புவெள்ளையில் தெரியும் அதே நேரத்தில் கழுகு இருக்கும் இடம் இருட்டாகத்தான் இருக்கும்.

மலையருவி கூறியதில் ஒரு பாதியை ஏற்கிறேன். அரட்டைப் பகுதியில் ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்குவதைவிட, முன்கூட்டியே எழுதிவைத்த விதி நல்லது. ஆனால் பெயர் வைத்ததால் மட்டும் குஞ்சின்மேல் நமக்கு உரிமை வந்துவிடுவதில்லை.

நீரலை எழுதியது (டொராண்டோவிலிருந்து):

மினசோட்டாவில் 2014இல் நடந்ததை இந்த விவாதத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அம்மாநில இயற்கை வளத்துறை நடத்திய கழுகுக் கேமராவில், மூன்று குஞ்சுகளில் ஒன்று அசைய முடியாமல் தவிப்பதைப் பார்வையாளர்கள் கண்டார்கள். துறையினர் முதலில் தலையிட மறுத்தார்கள். அழைப்புகளும் கடிதங்களும் ஆளுநர் அலுவலகம்வரை சென்றன. இறுதியில் ஏற்றமேடை கொண்ட வாகனத்தின் உதவியோடு குஞ்சைக் கீழே இறக்கினார்கள். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் இரைகொல்லிப் பறவைகள் மருத்துவ மையத்தில் பார்த்தபோது, இறக்கை எலும்பு முறிந்து தொற்று பரவியிருந்தது தெரிந்தது. அதைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. மக்கள் நெருக்கடியால் முடிவு மாறியதே தவிர, குஞ்சின் விதி மாறவில்லை. அது நீண்ட நேரம் துடித்து இறக்காமல் விரைவில் இறந்தது என்ற அளவில் அந்தத் தலையீட்டில் ஒரு பயன் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இன்னொரு கசப்பான நிகழ்ச்சி மாசசூசெட்ஸில் உள்ள வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் விராலடிப்பான் (மீன் பிடித்துண்ணும் இரைகொல்லிப் பறவை) கூட்டில் நடந்தது. அங்கே தாய்ப்பறவை தன் குஞ்சுகளைப் புறக்கணித்ததையும் கொத்தியதையும் கண்டு கொதித்தவர்கள் நிறுவனத்துக்கு மிகக் கடுமையாக எழுதினார்கள். சிலர் தாய்ப்பறவையைக் கொடியவள் என்றே தீர்ப்பளித்தார்கள். பின்னர் அந்தக் கேமராவையே நிறுத்திவிட்டார்கள். பார்ப்பவர்களின் பரிவு, பார்க்கும் வாய்ப்பையே இல்லாமல் ஆக்கிவிட்டது.

தாழை எழுதியது:

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் எல்லோரும் தோல்விகளையே எடுத்துக்காட்டுகிறீர்கள். மனிதர்கள் தலையிட்டுக் குஞ்சுகள் பிழைத்த கூடுகளே இல்லையா?

வளவன் எழுதியது:

இருக்கின்றன, அம்மா. புளோரிடாவின் ஃபோர்ட் மயர்ஸ் கூட்டில் 2021இல் பொரித்த இரண்டு குஞ்சுகளுக்குக் கண்ணில் தொற்று ஏற்பட்டு இமைகள் ஒட்டிக்கொண்டன. உரிய அனுமதியோடு அவற்றை இறக்கி, சானிபெல் தீவில் உள்ள காட்டுயிர் மருத்துவமனையில் ஏறத்தாழ ஒரு வாரம் சிகிச்சை அளித்து மீண்டும் கூட்டிலேயே வைத்தார்கள். ஹாரியட், எம்15 என்று அழைக்கப்பட்ட பெற்றோர் அவற்றை எந்தத் தயக்கமும் இன்றி ஏற்றுக்கொண்டன. மனிதன் தொட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்று நாம் சிறுவயதிலிருந்து கேட்டுவரும் பேச்சு இந்தப் பறவைகளுக்குப் பொருந்தாது.

வேல்ஸ் நாட்டின் டவி கழிமுகத்தில் 2012ஆம் ஆண்டு சூன் மாதப் புயலில் விராலடிப்பானின் மூன்று குஞ்சுகளில் இரண்டு இறந்தன. மூன்றாவதும் இறக்கும் நிலையில் இருந்தபோது பணியாளர்கள் கூட்டுக்குச் சென்று அதற்கு உணவும் நீரும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அது வளர்ந்து பறந்து, வலசை போய், மேற்கு ஆப்பிரிக்காவில் மீன்வலையில் சிக்கி இறந்தது. இதை வைத்து ‘பார்த்தீர்களா, வீண்தானே’ என்று முடிவுகட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பல தலைமுறைகளாக அற்றுப்போயிருந்த ஓர் இனம் ஒரு நாட்டில் மீண்டும் காலூன்றும்போது ஒவ்வொரு குஞ்சுக்கும் மதிப்பு உண்டு. அந்தச் சூழலில் அது சரியான முடிவே.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தலையீடு கலிபோர்னியாவிலேயே, பிக் பேருக்கு மேற்கே கடலில் உள்ள சானல் தீவுகளில் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் கடலில் ஆலைக்கழிவாகக் கலந்த டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி நஞ்சு மீன் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்து முட்டையோட்டை மெலிதாக்கியது. அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை உடைந்துவிடும். அத்தீவுகளில் கழுகே இல்லாமல் போயிருந்த நிலையில், 1980 முதல் சாந்தா கேட்டலினா தீவில் கழுகுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை இட்ட முட்டைகளும் உடைந்ததால், ஆய்வாளர்கள் பாறைச் சரிவுகளில் உள்ள கூடுகளுக்குச் சென்று உண்மையான முட்டைகளை எடுத்துக்கொண்டு போலி முட்டைகளை வைத்தார்கள். எடுத்த முட்டைகளைக் கருவியில் பொரிக்கவைத்து, குஞ்சுகளைத் திரும்பக் கூட்டில் சேர்த்தார்கள். பல ஆண்டுகள் இப்படியே நடந்தது. 2006இல் சாந்தா குரூஸ் தீவிலும் 2007இல் கேட்டலினாவிலும் மனித உதவி இல்லாமல் முட்டைகள் பொரித்தன. இன்று அத்தீவுக் கூடுகளையும் நேரலையில் பார்க்கிறோம். தலையிடவே கூடாது என்று அன்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால் அங்கே பார்ப்பதற்கு எதுவும் இருந்திருக்காது.

ஆகவே என் அளவுகோல் எளியது. கேடு மனிதனால் வந்ததா, அந்த இனம் அப்பகுதியில் நிலைபெற்றுவிட்டதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். 1963இல் அமெரிக்காவின் 48 மாநிலங்களில் வெறும் 417 இணைகளே கூடு கட்டின. 2021இல் வெளிவந்த அரசுக் கணக்கெடுப்பு 71,000க்கும் மேற்பட்ட இணைகள் இருப்பதாக மதிப்பிடுகிறது. இன்று ஒரு பனிப்புயலில் ஒரு குஞ்சு இறப்பது இனத்துக்கு இழப்பு ஆகாது.

மலையருவி எழுதியது:

வளவன் அவர்களின் அளவுகோல் தெளிவாக இருக்கிறது. ஆனால் குளிரை முற்றிலும் இயற்கை என்று ஒதுக்கிவிடுவது எனக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. மேலும், ‘இனத்துக்கு இழப்பு இல்லை’ என்ற வாதம் அறிவியலருக்குப் போதும். நள்ளிரவில் விழித்திருந்து ஒரே ஒரு குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குப் போதாது. அவர் இனத்தைப் பார்க்கவில்லை.

நெறியாளர்:

இறந்த குஞ்சின் படங்களை யாரும் இங்கே ஒட்ட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பதிவுகளிலிருந்து நீக்கியுள்ளேன். விவாதம் தொடரட்டும்.

வேனில் எழுதியது (சிட்னியிலிருந்து):

எங்கள் ஊர் அனுபவத்தையும் சேர்க்கிறேன். சிட்னி ஒலிம்பிக் பூங்காவை ஒட்டிய காட்டில் வெண்வயிற்றுக் கடற்கழுகின் கூடு ஒன்று நேரலையில் வருகிறது. தமிழக, இலங்கைக் கடற்கரைகளில் நாம் காணும் அதே இனம்தான். இங்கே குளிர்காலத்தில், சூன் வாக்கில் முட்டையிடும். இங்கே குஞ்சுகளுக்குப் பெரிய தொல்லை குளிரன்று, கரவாங் என்னும் கறுப்புப் பறவைகள். குஞ்சு முதன்முதலில் கூட்டைவிட்டுப் பறக்கும்போது அவை கூட்டமாகத் துரத்திக் கொத்தும். பறக்கவே சரியாகப் பழகாத குஞ்சு அப்பகுதியைவிட்டே விரட்டப்பட்டு, பெற்றோர் ஊட்டும் இரையை இழந்துவிடும். கரவாங்குகளைப் பிடித்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவையும் இந்த மண்ணுக்குரிய பறவைகள்தாமே? ஆனால் தரையில் விழுந்து கிடக்கும் குஞ்சை மீட்டு மருத்துவரிடம் சேர்ப்பதை இங்கே யாரும் குறைசொல்வதில்லை. கூட்டில் இருக்கும்வரை பெற்றோர் பொறுப்பு, தரைக்கு வந்துவிட்டால் நம் பொறுப்பு என்ற ஒரு நடைமுறைக் கோடு தானாகவே உருவாகிவிட்டது.

கூடுநோக்கி எழுதியது:

வேனில் சொன்ன கோடு பல கூடுகளில் நடைமுறையில் இருப்பதுதான். இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும்: பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஆபத்து என்று எண்ணுவது ஆபத்தாக இருப்பதில்லை. முதல் வாரங்களில் மூத்த குஞ்சு இளையதைக் கொத்துவதைக் கண்டு பதறுவார்கள்; இரை போதுமான அளவு வந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் அது சில நாள்களில் அடங்கிவிடும். இளையதற்கு ஊட்டவே இல்லை என்று புலம்புவார்கள். அதன் தொண்டைக்குக் கீழே தீனிப்பை புடைத்துக்கொண்டிருப்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். 2016இல் பிட்ஸ்பர்க் அருகே ஹேஸ் கூட்டில் பெற்றோர் ஒரு பூனையைக் கொண்டுவந்து ஊட்டியபோது எழுந்த கூச்சல் இன்னும் நினைவில் இருக்கிறது. மீனைக் கிழித்து ஊட்டியபோது ஒருவரும் வாய் திறந்ததில்லை.

உண்மையான ஆபத்துகள் கேமராவின் எல்லைக்கு வெளியேதான் மிகுதி. அயோவாவின் டெகோரா கூட்டை 2011இல் கோடிக்கணக்கான முறை பார்த்தார்கள். மறு ஆண்டு அதே இணைக்குப் பிறந்த குஞ்சுகளில் இரண்டு, கூட்டைவிட்டுப் பறந்த பின் மின்கம்பங்களில் மின்சாரம் தாக்கி இறந்தன. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் 38 மாநிலங்களைச் சேர்ந்த 1,210 வெண்தலை, பொன்னிறக் கழுகுகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ பாதியில் நாள்பட்ட ஈய நஞ்சின் அடையாளம் இருந்தது. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் விலங்கின் குடலிலும் இறைச்சியிலும் சிதறிக்கிடக்கும் ஈயக்குண்டுத் துணுக்குகளைக் கழுகு விழுங்குவதே இதன் முதன்மைக் காரணம். மிஸ்டிக்காக அழுதவர்களில் நூற்றில் ஒருவர் ஈயக்குண்டுக்கு எதிராகவும் மின்கம்ப உறைகளுக்காகவும் குரல் கொடுத்தால், எத்தனையோ சன்னிகளும் கிஸ்மோக்களும் வெண்தலை முளைக்கும் ஐந்தாம் வயதுவரை வாழும். மனிதனால் வந்த கேட்டில் தலையிடலாம் என்ற வளவனின் அளவுகோல் இங்கேதான் முழுமையாகப் பொருந்துகிறது.

மலையருவி எழுதியது:

இதைத்தான் காட்சிக்குக் கீழே எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். ‘புயலில் ஏற மாட்டோம், தூண்டில் நரம்பு சிக்கினால், அனுமதி கிடைத்தால் ஏறுவோம், ஈயக்குண்டைப் பற்றி நீங்கள் செய்யக்கூடியது இது’ என்று மூன்று வரிகள் போதும். பலர் அதைப் படிக்காமலும் போகலாம். இருந்தாலும், துயரத்தில் இருக்கும் கூட்டத்துக்கு அப்போதைக்கப்போது ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பதைவிட அது நேர்மையானது.

தாழை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மறைப்பு அமைத்திருக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆனால் மலையருவி சொன்னதுபோல், இனத்துக்கு இழப்பில்லை என்பதால் எனக்கும் இழப்பில்லை என்று ஆகிவிடாது. சன்னியும் கிஸ்மோவும் சூன் மாதத்தில் பறந்துவிட்டதால் இப்போது கூடு பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. அடுத்த பருவத்தை எப்போதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம், எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது என்று சொன்னால் உதவியாக இருக்கும். ஜாக்கி எது, ஷேடோ எது என்பதிலும் எங்கள் வீட்டில் இன்னும் சண்டைதான்.

கூடுநோக்கி எழுதியது:

இலையுதிர் காலத்திலேயே இரண்டும் குச்சிகளைக் கொண்டுவந்து கூட்டைச் செப்பனிடத் தொடங்கிவிடும். 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் முதல் முட்டை சனவரி பிற்பகுதியில்தான் வந்தது. அங்கே காலை 7 மணி என்பது குளிர்காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 8.30 மணி, மார்ச் மாதத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்திய பின் இரவு 7.30 மணி. காலை இரை ஊட்டுவதைப் பார்க்க அதுவே ஏற்ற நேரம், பிள்ளைகளும் தூங்கியிருக்க மாட்டார்கள். சண்டையைத் தீர்க்க இரண்டும் சேர்ந்து நிற்கும்போது பாருங்கள்: உடல் பெரியதாகவும் அலகு ஆழமாகவும் கால்விரல்கள் தடித்தும் இருப்பது ஜாக்கி. இரைகொல்லிப் பறவைகளில் பெரும்பாலும் பேடையே பெரியது. பருவம் தொடங்குமுன் கேமராப் பராமரிப்புக்காகச் சில நாள் ஒளிபரப்பு நின்றால் கவலைப்பட வேண்டாம். முட்டை வந்தபின் ஏற முடியாது என்பதால் எல்லாப் பழுதையும் அப்போதே பார்த்துவிடுவார்கள்.